கோழிக்கூட்டுக்கு எந்தக் கதவு? மட்டக்களப்பு, அம்பாறை வளவுகளுக்கான ஓர் ஒப்பீடு

வீட்டு வளவில் பத்துப் பதினைந்து ஊர்க்கோழிகளை வளர்க்க நினைப்பவர்கள், கூரைக்குத் தகரமா கிடுகா, தரைக்குப் பலகையா கம்பிவலையா என்று நாட்கணக்கில் ஆலோசிப்பார்கள். கோழி போய்வரும் வாயிலை மட்டும், மீதமாகக் கிடந்த ஒரு துண்டுப் பலகையையும் இரண்டு பிணைச்சல்களையும் கொண்டு கடைசி நாளில் முடித்துவிடுவார்கள். கூரையில் ஓட்டை விழுந்தால் கோழி நனையும், அவ்வளவுதான்; வாயில் ஓர் இரவு திறந்து கிடந்தால் விடியும்போது கூட்டில் இறகு மட்டுமே மிஞ்சக்கூடும். எந்தக் கதவும் என்றாவது ஒரு நாள் தவறத்தான் செய்யும்: கயிறு அறும், மரம் ஊதும், வீட்டில் எல்லோரும் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் நேரம் கழித்துத் திரும்புவார்கள். ஆகவே ஒரு கதவு நன்றாக இயங்கும் நாளில் எவ்வளவு வசதியானது என்பதைவிட, தவறும் நாளில் அது திறந்தபடி நிற்குமா மூடியபடி நிற்குமா என்பதையே இந்த ஒப்பீட்டில் முதல் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

எதற்கு எதிராக மூடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கீரியும் கபரக்கொய்யாவும் காகமும் பருந்தும் பகலில் வருபவை. கோழிகள் வெளியே மேயும் நேரத்தில் கூட்டின் கதவு அவற்றைத் தடுக்கப்போவதில்லை. கதவு தடுக்க வேண்டியவை இரவில் வருபவை: மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் நெருக்கமான வளவுகளில் மரநாயும் தெருநாயும் பெருச்சாளியும், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் வயல்களை ஒட்டிய அம்பாறைக் கிராமங்களிலும் இவற்றோடு காட்டுப்பூனையும் நரியும் மலைப்பாம்பும். மரநாய் கூட்டுக்குள் புகுந்துவிட்டால் பெரும்பாலும் ஒரு கோழியோடு நிற்பதில்லை. கோழிக்கோ இருட்டில் பார்வை மிகக் குறைவு. பரணில் ஏறிய கோழி இரவில் இறங்கி ஓடித் தப்பாது.

மூடும் நேரத்தைப் பொறுத்தவரை நம் பகுதிக்கு ஒரு வசதி உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. நவம்பர் நடுப்பகுதியில் ஏறத்தாழ மாலை 5.40, ஜூலையில் ஏறத்தாழ 6.25. காத்தான்குடியிலோ கல்முனையிலோ மஃரிப் பாங்கு கேட்கும் தூரத்தில் இருப்பவர்களுக்குக் கடிகாரமும் தேவையில்லை. பாங்கு ஒலித்துப் பதினைந்து இருபது நிமிடங்களுக்குள் கோழிகள் தாமாகவே கூட்டில் அடைந்திருக்கும். ஆரையம்பதியில் வீட்டில் விளக்கு வைக்கும் நேரமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே கதவை எப்போது மூடுவது என்பது சிக்கலில்லை. அந்த நேரத்தில் யார் வீட்டில் இருப்பார், மழையென்றால் அவர் முற்றத்தில் இறங்குவாரா என்பதுதான் கேள்வி.

முதலில், எல்லோருக்கும் பழக்கமான பிணைச்சல் கதவு. செய்வது எளிது, செலவு குறைவு, திறந்தால் வாயில் முழுவதும் விரிவாகத் திறக்கிறது. இதற்கு ஒரு நன்மை உண்டு, அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை: மூடுவதற்குக் கூட்டடிக்குப் போயே ஆக வேண்டும் என்பதால், போகிறவர் குனிந்து உள்ளே பார்த்துக் கோழிகளை எண்ணிவிடுவார். எந்தப் பேடு அடையவில்லை, எது தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது என்பதெல்லாம் அந்தக் குனிதலில்தான் தெரியவரும். குறைகள் இரண்டு. கல்லடி, காரைதீவு, திருக்கோவில் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று பட்ட இரும்புப் பிணைச்சல் விரைவில் துருவேறி இறுகுகிறது. பிறகு கதவு சரிந்து நின்று, கீழ் மூலையில் எலி நுழையும் இடைவெளியை உண்டாக்குகிறது. லொறி ரியூப் ரப்பரை வெட்டி ஆணியடித்துப் பிணைச்சலாக வைப்பவர்களும் உண்டு; அது துருப்பிடிக்காது, ஆனால் வெயிலில் வெடிக்கும், எலியும் கடிக்கும். இரண்டாவது குறை தாழ்ப்பாள். ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பும் சிறிய மரக்கட்டையையே பல கூடுகளில் தாழ்ப்பாளாக வைத்திருக்கிறார்கள். நாய் உரசினாலோ காற்று அடித்தாலோ அது திரும்பிவிடும், கதவும் திறந்துவிடும். எனவே பிணைச்சல் கதவு தவறும்போது பெரும்பாலும் திறந்தபடியே தவறுகிறது. இதையே விரும்புபவர்கள் கொண்டியைத் தூக்கிப் பிறகு இழுத்தால் மட்டுமே திறக்கும்படி, இரண்டு அசைவு தேவைப்படும் தாழ்ப்பாளைப் போடட்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்பக்கமாகத் திறக்கும் கதவு தரையில் பரப்பிய உமியில் சிக்குவதோடு, வாயிலருகே நிற்கும் கோழியையும் இடிக்கும்.

பக்கவாட்டில் நகரும் கதவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலுமாரிக் கண்ணாடி நகர்வதுபோல் அழகாக நகரும் என்று நினைத்தே இதைச் செய்கிறார்கள். அதன் கீழ்க்காடியில் வெளியே இருந்து மணலும் உள்ளே இருந்து உமியும் எச்சமும் சேர்ந்து இறுகும்போது கதவு பாதி வழியில் நின்றுவிடும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் இதைப் பரிந்துரைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மூன்றாவது, மேல் விளிம்பு கயிற்றிலோ சங்கிலியிலோ தொங்க, கீழ் விளிம்பில் பிணைச்சல் பொருத்தி, பகலில் கீழே சாய்ந்து ஏணியாகவும் இரவில் மேலே மடிந்து கதவாகவும் பயன்படும் பலகை. படுவான்கரையில் இது பலருக்கும் பிடித்திருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2011 ஜனவரி வெள்ளத்தை மறக்காதவர்கள் கூட்டைத் தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் தூண்களின்மேல் வைக்கிறார்கள், அவ்வளவு உயரத்துக்குக் கோழி ஏற ஒரு வழியும் தேவைப்படுகிறது. இரவில் ஏணியே மேலே மடிந்துவிடுவதால் பெருச்சாளியும் பாம்பும் ஏறும் வழி ஒன்று குறைகிறது என்பதும் உண்மைதான். ஆனால் என் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் இந்த வடிவத்தின் அடிப்படையே தவறான பக்கம் சாய்கிறது: கொளுக்கி கழன்றால் பலகை தன் பாரத்தாலேயே கீழே விழுந்து வாயிலைத் திறப்பதோடு, வருகிற மிருகத்துக்கு ஏணியையும் வைத்துக் கொடுக்கிறது. பகல் முழுவதும் கோழிகள் மிதித்து எச்சமிட்ட பலகை மாரியில் நனைந்து கனக்கும், வழுக்கும். பிணைச்சல் கோட்டில் எச்சமும் உமியும் அடைந்தால் மேல் விளிம்பு நிலையோடு ஒட்டாமல் விரலளவு விலகி நிற்கும். பாம்புக்குஞ்சு நுழைய அது போதும். கூடு உயரத்தில் இருக்க வேண்டியவர்களுக்கு என் ஆலோசனை, கதவை வேறாகவும் ஏணியைக் கையால் தூக்கி வைக்கக்கூடிய தனிப் பலகையாகவும் பிரித்துக்கொள்வதுதான். ஏணியில் நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளியில் குறுக்குச் சட்டங்கள் அடித்தால் கால் வழுக்காது. உண்மையில், மூன்றடி உயரத்துக்கு ஊர்க்கோழி சிறகடித்து ஏறிவிடும். ஏணி தேவைப்படுவது முட்டைக்காக வளர்க்கும் பாரமான லேயர் இனங்களுக்கும் குஞ்சுகளுக்கும்தான். பாரமான கோழி தினமும் உயரத்திலிருந்து குதித்தால் பாதத்தின் அடியில் காயம்பட்டு வீங்கும்.

நான்காவது வடிவம் தூக்குகதவு: இரு பக்கக் காடிகளுக்குள் மேலும் கீழும் ஓடும் பலகை. மேல் விளிம்பில் கட்டிய நைலோன் கயிறு கூட்டின் உச்சியில் ஒரு சிறிய கப்பியைச் சுற்றி வெளியே வரும். இழுத்து ஓர் ஆணியில் மாட்டினால் வாயில் திறந்திருக்கும், அவிழ்த்துவிட்டால் பலகை தன் பாரத்தில் இறங்கி மூடும். நம் நிலத்துக்கும் காலநிலைக்கும் நான் முதலில் நிறுத்துவது இதைத்தான், அதற்கான முதன்மையான காரணம் வசதியல்ல. கயிறு அறுந்தாலும், ஆணி கழன்றாலும், யாராவது தெரியாமல் கயிற்றை அவிழ்த்துவிட்டாலும் இது மூடியபடியே தவறும். பகலில் அப்படி மூடிக்கொண்டால் வெளியே நிற்கும் கோழிகள் வாயிலடியில் கூடிக் கொக்கரித்து நமக்கே தெரிவித்துவிடும். வெயில் ஏறிய பின் உள்ளே சில கோழிகள் அடைபட்டிருந்தால் தண்ணீரில்லாமல் வாடும் என்பது உண்மை, அதனால் கூட்டுக்குள்ளும் ஒரு தண்ணீர்ச் சட்டி இருப்பது நல்லது. இரவில் திறந்து கிடப்பதன் விலையோடு ஒப்பிட்டால் இது சிறிய விலை.

வசதியும் இல்லாமலில்லை. கயிற்றை இரண்டாவது கப்பி ஒன்றின் வழியாகக் குசினி வாசல்வரை கொண்டுவந்துவிடலாம். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, நமது ஆண்டு மழையின் பெரும்பகுதி கொட்டும் அந்த மாதங்களில், மாலையில் முற்றத்தில் தண்ணீர் நிற்கும்போது குடை பிடித்துக்கொண்டு கூட்டடிக்குப் போகச் சோம்பல்பட்டே பல கதவுகள் திறந்து கிடக்கின்றன. வாசலில் நின்றபடி கயிற்றை விடலாம் என்றால் அந்தச் சோம்பலுக்கு இடமில்லை. ஆனால் அப்படி மூடுபவர் கோழிகளை எண்ணுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மழையில்லாத நாட்களிலாவது டோர்ச் லைட்டுடன் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நல்லது.

இந்தக் கதவு பழுதுபடும் இடங்கள் மூன்று, மூன்றும் செய்யும்போதே தவிர்க்கக்கூடியவை. ஒன்று, மரம். தென்னம் பலகையோ மலிவான மென்மரமோ மாரியில் ஈரத்தை உறிஞ்சி ஊதி, காடிக்குள் இறுகிப் பாதியில் தொங்கி நிற்கும். அப்போது மட்டும் இந்த வடிவமும் திறந்தபடி தவறும். தடித்த அலுமினியத் தகடோ தடித்த பிளாஸ்டிக் பலகையோ இருந்தால் இந்தக் கவலை இல்லை; காடிக்கு ஜன்னல் செய்பவர்களிடம் மிஞ்சும் அலுமினியச் சட்டத் துண்டுகள் போதும். மரம்தான் என்றால் இரு பக்கமும் கால் அங்குலம் தளர்வு விட்டு, மாரி தொடங்கும் முன் எண்ணெய் பூசிவிட வேண்டும். இரண்டு, பாரம். மிக இலேசான தகட்டின் கீழ் விளிம்பில் மரநாய் நகத்தைக் கொடுத்துத் தூக்கிவிடும். வாயிலின் அடியில் வெளிப்பக்கமாக மட்டும் ஒன்றரை அங்குல உயரத்தில் ஒரு சட்டத்தை அடித்து, மூடிய பலகையின் கீழ் விளிம்பு அதற்குப் பின்னால் மறைந்து நிற்கும்படி செய்தால் நகம் கொடுக்க இடமிருக்காது. அங்கே காடி வெட்டக்கூடாது. உட்பக்கம் திறந்திருந்தால் சேரும் உமியைக் கையாலேயே தட்டிவிடலாம். மூன்று, பலகை சட்டென்று விழுந்து கோழியின் முதுகில் அடிப்பது. கயிற்றை ஒரேயடியாக விடாமல் கையால் மெதுவாக இறக்குவதும், வாயிலடியில் கோழி நிற்காத நேரம் பார்த்து விடுவதும் பழகிவிடும். சிறு பிள்ளைகள் கயிற்றோடு விளையாடும் வீடுகளில் ஆணியைப் பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் அடிக்கலாம்.

இனித் தானாகத் திறந்து மூடும் கதவு. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வரும்போது கொண்டுவந்து கொடுத்தும், இணையத்தில் வாங்கியும் இப்போது சிலர் பொருத்துகிறார்கள். ஒளியை உணர்ந்து இயங்குபவை, நேரம் குறித்து இயங்குபவை என்று இரண்டு வகை உண்டு. நாளின் நீளம் கோடையில் பதினாறு மணித்தியாலம், குளிர்காலத்தில் எட்டு என்று மாறும் குளிர்நாடுகளில் ஒளியுணரி இன்றியமையாதது. அங்கே கடிகாரத்தைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருக்கும். நமக்கு அந்தத் தேவையே இல்லை. மாறாக, டிசம்பரில் பிற்பகலிலேயே வானம் இருண்டு மழை பிடித்தால், ஒளியுணரி அந்தி வந்துவிட்டதென்று எண்ணிக் கதவை மூடிவிடக்கூடும். மழைக்கு வேலியோரம் ஒதுங்கிய கோழிகள் வெளியே மாட்டிக்கொள்ளும். ஊர்க்கோழி முருங்கையிலோ மாமரத்திலோ ஏறிப் படுத்துத் தப்பிவிடும், கூட்டில் வளர்ந்து பழகிய லேயர் கோழி கூட்டின் அடியிலேயே ஒண்டியிருந்து மரநாய்க்கு இரையாகும். ஆகவே தானியங்கிதான் வேண்டும் என்பவர் நேரம் குறிக்கும் வகையை வாங்கி மாலை 6.50க்கு வைத்தால், சூரியன் ஆண்டின் மிகப் பிந்தி மறையும் ஜூலையிலும் கோழிகள் அடைந்த பிறகே கதவு மூடும். நவம்பரில் இருட்டி ஒரு மணித்தியாலம் கழித்து மூடுவதாக இருக்கும். அந்த இடைவெளி உறுத்தினால் ஆண்டுக்கு இருமுறை திருத்தினால் போதும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்டில், வீட்டு மின்னிணைப்பை மட்டும் நம்பிய கதவை நான் வைக்கமாட்டேன். மின்கலம் அல்லது சூரியத்தகடு உள்ளதே ஏற்றது, அதிலும் அடைமழை நாட்களில் சூரியத்தகடு போதிய அளவு ஏற்றாது என்பதால் மாரியில் மின்கலத்தை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். உப்புக்காற்று செப்புக் கம்பியின் இணைப்புகளைப் பச்சை பூக்கச் செய்யும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறும். மோட்டார் நின்றுபோனால் கதவு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நிற்கும், அதாவது இதன் தவறுதல் எந்தப் பக்கமும் இருக்கலாம். இவ்வளவும் சொன்ன பிறகும், கணவன் மனைவி இருவரும் வேலை முடிந்து இரவில்தான் வீடு திரும்பும் குடும்பத்துக்கும், வேளாண்மைக் காலத்தில் வயல் வாடியில் இராத் தங்குபவர்களுக்கும், மாலையில் யாருமில்லாத வீட்டில் திறந்து கிடக்கும் எந்தக் கதவைவிடவும் இது மேலானதுதான். வாங்குபவர்கள் கவனிக்கலாம்: விற்பனைக்கு வரும் தானியங்கிகளில் பலவும் மேலும் கீழும் ஓடும் பலகைதான், கைக்குப் பதில் மோட்டார் இழுக்கிறது. இப்போது கயிற்றுக் கதவைச் செய்துவிட்டு, தேவை வந்தால் பிறகு மோட்டாரைப் பொருத்திக்கொள்ளலாம். மற்ற வடிவங்களில் அந்த வழி எளிதில் கிடைக்காது.

கதவு பலகையாக இருக்க வேண்டுமா கம்பிவலையாக இருக்க வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரவிலும் வெக்கை தணியாது, மூடிய கூட்டில் கோழி வாயைத் திறந்து இரைக்கும், எச்சத்தின் காரநெடியும் ஏறும். அதனால் வலைக்கதவே நல்லது என்கிறார்கள். வெக்கை பற்றிய அவர்கள் கணிப்பு சரி, தீர்வுதான் சரியில்லை. ஓரடி அகலமுள்ள ஒரு வாயிலால் பதினைந்து கோழிகளுக்குப் போதிய காற்று வராது. காற்று கூரைக்குக் கீழே இரு பக்கமும் நீளமாக விட்ட திறப்புகளால் வர வேண்டும். அத்திறப்புகளை அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையால் மூட வேண்டும். கடைகளில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைக்க உதவுமே தவிர, மரநாயை வெளியே வைக்க உதவாது. வலைக்கதவின் ஓரத்தில் படுத்த கோழியின் காலை வெளியே இருந்தே பிடித்து இழுக்கவும் முடியும். கதவு பலகையாகவே இருக்கட்டும்.

வாயில் எத்திசை நோக்க வேண்டும்? மாரி மழை வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும். கச்சான் தென்மேற்கிலிருந்து மணலை அள்ளிவரும். இரண்டையும் தவிர்க்கத் தென்கிழக்கு நல்ல திசை, காலை வெயிலும் உள்ளே விழும். ஆனால் தென்கிழக்கு நோக்கிய வாயில் வீட்டின் பார்வைக்கு மறைந்துவிடுமானால், குசினியிலிருந்து பார்த்தவுடன் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியும் பக்கத்துக்கே திருப்பிவிட்டு, மழைக்கு ஒன்றரை அடி தாழ்வாரம் இறக்கிவிடலாம்.

ஓடாவியிடம் கொடுக்க வேண்டிய அளவுகள் சிலவே. வாயில் 12 அங்குல அகலமும் 14 அங்குல உயரமும் இருந்தால் சேவலும் தாராளமாகப் போய்வரும். கோழிகள் பத்தைத் தாண்டினால் அகலத்தைக் கூட்டுங்கள் அல்லது இன்னொரு வாயில் விடுங்கள். கூட்டத்தில் வலிய பேடு வாயிலிலேயே நின்று எளியதைக் கொத்தி விரட்டும், விரட்டப்பட்டது இருட்டும்வரை வெளியே நிற்கும். வாயிலின் அடி உள்தரையிலிருந்து ஆறு அங்குலமாவது உயர்ந்திருந்தால் சீய்க்கும்போது உமி வெளியே சிந்தாது. குஞ்சோடு இருக்கும் பேட்டுக்கு இந்த உயரம் இடைஞ்சல். உள்ளும் வெளியும் ஒவ்வொரு செங்கல்லை வைத்துவிடலாம், அல்லது முதல் சில கிழமைகளுக்குத் தாயையும் குஞ்சுகளையும் தனியாக அடைக்கலாம். முட்டை எடுக்கவும் கூட்டைக் கூட்டவும் மனிதருக்கென்று ஒரு பெரிய கதவு வேறாக இருக்கட்டும், அது பிணைச்சல் கதவாகவே இருக்கலாம். பழைய கூட்டில் புதிதாகத் தூக்குகதவு பொருத்துபவர்கள் முதல் சில நாட்களுக்குப் பலகையை மேலே தூக்கியபடியே கட்டி வைத்துவிட்டு, இரவில் பழைய கதவையே மூடிவர வேண்டும். தலைக்கு மேல் தொங்கும் புதிய பொருளுக்கு அஞ்சும் கோழிகள் அதற்குள் பழகிவிடும். அதன் பிறகு கயிற்றை இறக்கத் தொடங்கலாம்.